மூளையின் அடிவாரத்துக்கு ஒரு வழி

தலையில் தழும்பு இல்லாத சத்திரசிகிச்சை

மூளைக்கு அடியில் வளர்ந்திருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்பவருக்கு முதலில் எழுவது நிம்மதியைவிட ஐயமே. கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ அச்செய்தி யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள கரம்பொனுக்கு வந்து சேரும்போது, மண்டையைத் திறக்காமல் மூளையருகே எப்படிப் போனார்கள், மூக்கு எங்கே மூளை எங்கே, இடையிலிருக்கும் எலும்பை அகற்றினால் மூளை கீழே இறங்கிவிடாதா என்ற கேள்விகள் வீட்டுத் திண்ணையில் எழுகின்றன; சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரின் தலையில் ஒரு தழும்புகூட இல்லாதது அந்த ஐயத்தை மேலும் வளர்க்கிறது.

இக்கேள்விகள் எல்லாம் நியாயமானவை. நூறாண்டுகளுக்கு முன்னர் உலகின் தலைசிறந்த மூளைச் சத்திரசிகிச்சையாளர்களைத் தயங்க வைத்தவையும் இவைதான். ஆனால் இவற்றுக்கு அடியில், அவ்வளவாகக் கேட்கப்படாத இன்னொரு கேள்வி இருக்கிறது. உயிருள்ள மனிதரில் சாதாரணமாக எவர் கண்ணுக்கும் படாத அவ்விடத்தை, ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் பார்வையோ உயிரோ போய்விடக்கூடிய அவ்விடத்தை, ஒரு மருத்துவர் எங்கே, யாரிடம், எதைக் கொண்டு கற்கிறார்? இந்த அத்தியாயம் அக்கேள்வியைப் பின்தொடர்ந்து செல்கிறது.

மூளை அமர்ந்திருக்கும் தரை

மனிதரின் மண்டையோட்டின் மேற்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்து, மூளையையும் அகற்றிவிட்டு உள்ளே பார்த்தால் தெரியும் எலும்புத் தரையே மண்டையோட்டு அடித்தளம் எனப்படுகிறது. அது சமதரை அன்று. முன்னிருந்து பின்னாகச் செல்லச் செல்ல, ஒன்றைவிட மற்றொன்று தாழ்ந்த மூன்று பள்ளங்களாக அது இறங்குகிறது: கண்களுக்கும் மூக்குக்கும் மேலே கூரையாக அமையும் முன்பள்ளம், காதுகளுக்கு முன்னால் மூளையின் பக்கச் சோணைகளைத் தாங்கும் நடுப்பள்ளம், சிறுமூளையையும் மூளைத்தண்டையும் ஏந்தும் பின்பள்ளம். கடைசிப் பள்ளத்தின் நடுவே உள்ள பெருந்துளை வழியாகவே மூளைத்தண்டு கீழிறங்கி முண்ணாணாகத் தொடர்கிறது.

மண்டையோட்டின் மேற்பகுதி பெரும்பாலும் வழுவழுப்பான, எளிய எலும்பு. அதைத் திறப்பது எகிப்திலும் பெருவிலும் பழங்காலத்திலேயே நடந்திருக்கிறது. அடித்தளம் அப்படிப்பட்டதன்று. மூளைக்குக் குருதி கொண்டுவரும் நாடிகளும், மூளையிலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளங்களும், மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு சோடி மண்டையோட்டு நரம்புகளும் இத்தரையிலுள்ள துளைகள் வழியாகவே போய்வருகின்றன. மணத்தல், பார்த்தல், கண்ணைத் திருப்புதல், முகத்தில் தொடுகையை உணர்தல், சிரித்தல், கேட்டல், விழுங்குதல், பேசுதல், தோளை உயர்த்துதல், நாக்கை அசைத்தல் என, ஒருவரை மற்றவர் முன் மனிதராகக் காட்டும் செயல்கள் அனைத்தும் இத்துளைகளில் ஏதோ ஒன்றினூடாகச் செல்கின்றன. இத்தரையில் ஒரு கட்டி தோன்றும்போது அதன் அளவைவிட அது தோன்றிய இடமே நோயாளியின் விதியைத் தீர்மானிப்பதற்குக் காரணம் இதுவே.

மானிப்பாயில் தமிழில் வந்த உடற்கூறு

இத்துளைகளையும் நரம்புகளையும் பற்றிய நவீன அறிவு தமிழுக்கு வந்து சேர்ந்த வழி யாழ்ப்பாணத்தின் ஊடாகவே சென்றது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தீர்மானித்து, தம் மாணவர்களின் துணையுடன் பாடநூல்களையும் தமிழாக்கினார். இலண்டனில் 1858இல் ஹென்றி கிரே எழுதி, ஹென்றி வான்டைக் கார்ட்டர் படங்கள் வரைந்து வெளிவந்த புகழ்பெற்ற உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் எந்நூலை ஆங்கிலத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்களோ அந்நூலைத் தீவகத்துக்கு எதிர்க்கரையில் வாழ்ந்த ஓர் இளைஞர் தம் தாய்மொழியில் படிக்க முடிந்தது பெரிய செய்தி. அது இன்று எம்மவர் பலருக்கே தெரியாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

ஆயினும் அக்காலத்தில் எந்த மொழியில் படித்த மாணவரும் அடித்தளத்தின் எலும்புகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பதோடு நின்றுவிட வேண்டியிருந்தது. அங்கே சத்திரசிகிச்சை செய்ய வழியில்லாததால், துளைகளின் பெயர்கள் தேர்வில் கேட்கப்பட்டு, தேர்வு முடிந்தவுடன் மறக்கப்பட்டன. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் உயிர்காக்கும் வழிகாட்டியாக மாறுவதற்கு மேலும் நூறாண்டுகள் ஆயின.

மோதிரம் கழலாத ஒருவர்

அம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். கரம்பொனில் புகையிலையும் வெங்காயமும் பயிரிடும் நடுவயதுக் கமக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பல ஆண்டுகளாக அவருடைய திருமண மோதிரம் இறுகிக்கொண்டே வந்து இப்போது கழற்ற முடியாத நிலையில் இருக்கிறது. செருப்பின் அளவு கூடியிருக்கிறது. மூக்கும் தாடையும் தடித்துள்ளன. பற்களுக்கிடையே இடைவெளி விழுந்துள்ளது. மாற்றம் மிக மெதுவாக நடந்ததால் வீட்டாருக்கு எதுவும் தெரியவில்லை. பத்தாண்டுகளின் பின் ஊர் திரும்பிய உறவினர் ஒருவர்தான் முகம் மாறிவிட்டதைக் காண்கிறார். வளர்ந்தவர்களில் கைகால்களையும் முகத்தையும் பெருக்க வைக்கும் இந்நோயைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி 1886இல் விவரித்துப் பெயரிட்டார்.

இதன் காரணம் மண்டையோட்டு அடித்தளத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே, குதிரையின் சேணத்தை ஒத்த வடிவம் காரணமாகத் துருக்கியச் சேணம் என்று பழைய உடற்கூற்றாளர்கள் அழைத்த சிறு குழியில், அரைக் கிராம் அளவே எடையுள்ள கபச்சுரப்பி அமர்ந்திருக்கிறது. வளர்ச்சி, பால்சுரப்பு, மாதவிடாய், உடலின் நீர்ச் சமநிலை, ஏனைய பல சுரப்பிகளின் செயற்பாடு ஆகியவற்றை இச்சிறு உறுப்பே ஆள்கிறது. அதில் பெரும்பாலும் புற்றுநோயல்லாத சாதுவான கட்டியொன்று தோன்றி வளர்ச்சி ஓமோனை அளவுமீறிச் சுரந்தால் மேலே கூறிய மாற்றங்கள் உண்டாகின்றன. கட்டி மேல்நோக்கிப் பெருத்தால், சேணத்துக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்தை அது அழுத்துகிறது. அப்போது நோயாளிக்கு நேரே உள்ளவை தெரிந்தபடியே இருபுறமும் உள்ளவை மறையத் தொடங்கும். சைக்கிளில் போகும்போது பக்கத்திலிருந்து வரும் வாகனம் கண்ணுக்குப் படாமல் போவது இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

கபச்சுரப்பியின் எல்லாக் கட்டிகளுக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. பால்சுரப்பு ஓமோனைச் சுரக்கும் கட்டிகள் பல மாத்திரைகளாலேயே சுருங்கிவிடுகின்றன. வளர்ச்சி ஓமோனைச் சுரக்கும் கட்டிக்கோ, எட்டக்கூடிய நிலையில் அது இருந்தால், சத்திரசிகிச்சையே முதல் வழி. எனவே நமது கமக்காரர் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கும், இரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. படமும் முடிந்த பின்னர் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் செல்கிறார்.

மூக்குத் துவாரத்திலிருந்து சேணம் வரை

மேலிருந்து சேணத்தை அடைய வேண்டுமானால் மண்டையைத் திறந்து, மூளையை உயர்த்திப் பிடித்து, பார்வை நரம்புகளுக்கிடையே கருவியை நுழைக்க வேண்டும். கீழிருந்து பார்த்தாலோ வழி வியப்பூட்டும் அளவு குறுகியது. மூக்குத் துவாரத்திலிருந்து ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் பின்னால், மண்டையோட்டின் நடுவில் ஆப்பாகச் செருகப்பட்டதுபோல் இருப்பதால் ஆப்பெலும்பு எனப்படும் எலும்பு இருக்கிறது. அதன் உடற்பகுதி வெறும் காற்றறை. அந்தக் காற்றறையின் பின்சுவரே சேணத்தின் முன்சுவர். மூக்கையும் மூளையின் அடிவாரத்தையும் பிரிப்பவை ஒரு காற்றறையும் இரண்டு மெல்லிய எலும்புச் சுவர்களும் மட்டுமே என்பதுதான் திண்ணைக் கேள்விக்கான விடை.

சத்திரசிகிச்சையாளர் அகநோக்கியை, அதாவது 4 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் நீளமும் கொண்டு நுனியில் ஒளியும் வில்லையும் பொருத்தப்பட்ட குழாயை, மூக்கினுள் செலுத்துகிறார். மூக்குக் குழி தொண்டையோடு சேரும் பின்வாயிலைக் கண்டு, அதன் மேல்விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்தில் ஆப்பெலும்பின் காற்றறை மூக்கினுள் திறக்கும் இயற்கைத் துவாரத்தைத் தேடுகிறார். அத்துவாரத்தை அகலமாக்கி உள்ளே நுழைந்ததும் திரையில் ஒரு நிலவமைப்பு விரிகிறது. நடுவில் சேணத்தின் மேடு. அதன் இருபுறமும் மூளைக்குக் குருதி செலுத்தும் சிரசுநாடிகளின் புடைப்புகள். மேலே இருபக்கமும் பார்வை நரம்புகளின் புடைப்புகள். ஒவ்வொரு பக்கத்திலும் நரம்புக்கும் நாடிக்கும் இடையே ஒரு சிறு குழிவு. கீழே மூளைத்தண்டுக்கு முன்னால் இறங்கிச் செல்லும் எலும்புச் சரிவு.

சேணத்தின் முன்சுவரை வைர நுனியுள்ள சுழல்துளையியால் மெலிதாக்கி அகற்றிய பின், சுரப்பியைச் சுற்றியுள்ள தடித்த உறையைக் கீறினால் கட்டி தென்படும். நலமான சுரப்பி மஞ்சள் சாயலும் இறுக்கமும் உடையது. கட்டி பெரும்பாலும் சாம்பல் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். வளைய நுனியுள்ள கருவிகளால் கட்டியைக் கீழ்ப்பகுதியிலும் பக்கங்களிலும் முதலில் சுரண்டியெடுத்து, மேற்பகுதியைக் கடைசிக்கு விட வேண்டும். மேற்பகுதியை முதலில் எடுத்தால் மூளையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு முன்கூட்டியே கீழே தொங்கி, மீதிக் கட்டியை மறைத்துவிடும். சுரப்பியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் காப்பாற்றுவது கட்டியை எடுப்பதற்கு இணையான கடமை. சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் நோயாளியின் தாகத்தையும் சிறுநீரின் அளவையும் தாதியர் கவனமாகக் குறித்துக்கொண்டிருப்பது, நீர்ச் சமநிலையை ஆளும் பகுதி பாதிக்கப்பட்டதா என்பதை அறிவதற்காகவே.

அடையாளங்களைப் படித்தல்

எழுத்தில் இவ்வளவு நேராகத் தெரியும் இவ்வழியில் பெரும் அபாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது: எந்த இரு மனிதரின் ஆப்பெலும்பும் ஒன்றாக இருப்பதில்லை. காற்றறை சிலரில் சேணத்தின் கீழ்வரை விரிந்திருக்கும், சிலரில் சேணத்துக்கு முன்னரே நின்றுவிடும், மிகச் சிலரில் அறையே இல்லாமல் முழு எலும்பாக இருக்கும். அறையை இரண்டாகப் பிரிக்கும் எலும்புத் தடுப்பு நடுக்கோட்டில் இருக்கும் என்று நம்பினால் ஏமாற வேண்டியதுதான். அது பக்கவாட்டில் வளைந்து சென்று நேரே சிரசுநாடியின் மேலுள்ள எலும்பில் முடிவது சாதாரணம். அத்தடுப்பைக் கருவியால் பிடித்து முறுக்கி இழுக்கும் அனுபவமற்ற கை, எலும்போடு நாடியின் சுவரையும் கிழித்துவிடலாம்.

இவ்வேறுபாடுகளை அளந்து பதிந்தவர்களுள் தலையாயவர் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ரோட்டன். தானம் செய்யப்பட்ட உடல்களின் நாடிகளில் சிவப்பும் நாளங்களில் நீலமும் ஊட்டிய நிறப் பொருளைச் செலுத்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் படம்பிடித்து, ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் அவர் உழைத்தார். அவரும் அவருடைய சகாவும் 50 உடல்களின் சேணப் பகுதியை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட கட்டுரை, காற்றறையின் முதன்மைத் தடுப்பு ஏறக்குறைய பாதிப் பேரில் நடுக்கோட்டிலிருந்து நன்கு விலகியிருப்பதையும், நூற்றுக்கு நான்கு என்ற அளவில் சிரசுநாடியின் மேல் எலும்பே இல்லாமல் மெல்லிய சவ்வு மட்டும் மூடியிருப்பதையும் காட்டியது. நூற்றுக்கு நான்கு என்பது படிப்பவருக்குச் சிறிய எண்; வாரந்தோறும் சத்திரசிகிச்சை செய்பவருக்கு அது நிச்சயம் எதிர்ப்படப்போகும் மனிதர்.

ஆகவே கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு சராசரி வரைபடத்தை அன்று. ஒன்றுக்கொன்று உள்ள உறவுகளை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடலில் படகோட்டுபவர் நீருக்கடியில் கிடக்கும் திட்டைக் கண்ணால் காண்பதில்லை. கடற்கோட்டையையும் கரையிலுள்ள கோபுரத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து, இரண்டும் எந்தக் கோணத்தில் தெரிகின்றன என்பதைக் கொண்டு ஆழத்தைத் தீர்மானிக்கிறார். சத்திரசிகிச்சையாளரும் இவ்வாறே ஒற்றை அடையாளத்தை நம்பாமல், பின்வாயில், இயற்கைத் துவாரம், பார்வை நரம்புக்கும் நாடிக்கும் இடையிலுள்ள குழிவு, நடுக்கோடு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே முன்னேறுகிறார். இன்று கருவியின் நுனி எம்.ஆர்.ஐ. படத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் திரையில் காட்டும் வழிகாட்டுக் கணினிகளும், எலும்பின் பின்னாலுள்ள நாடியின் துடிப்பை ஒலியாகக் கேட்கச் செய்யும் நுண்கருவிகளும் கிடைக்கின்றன. அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் அடையாளங்களை அறியாதவர் கையில் அவை தவறான நம்பிக்கையையே தரும்.

ஒரு சிலர் காத்த நுட்பம்

மூக்கு வழி புதியது என்று எண்ணுவோர் பலர். ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907இலேயே ஆப்பெலும்பு வழியாகக் கபச்சுரப்பிக் கட்டியொன்றை எடுத்தார். வியன்னாவின் ஒஸ்கர் ஹிர்ஷ் 1910 அளவில் அதை முழுக்க மூக்கினுள்ளேயே செய்யும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1910க்கும் 1925க்கும் இடையில் 231 நோயாளிகளுக்கு இவ்வழியில் சிகிச்சை செய்தார். பின்னர் அவரே இதைக் கைவிட்டு மண்டையைத் திறக்கும் முறைக்கு மாறினார். ஒடுங்கிய குழிக்குள் போதிய வெளிச்சமும் உருப்பெருக்கமும் இல்லாத காலத்தில், மேலேயிருந்து திறந்து பார்ப்பதே பெருத்த கட்டிகளுக்குத் தெளிவான வழியாக அவருக்குத் தோன்றியது. குஷிங் விட்டதை உலகின் பெரும்பாலோரும் விட்டுவிட்டனர்.

அவரிடம் பொஸ்டனில் கற்றுச்சென்ற ஸ்கொட்லாந்துக்காரர் நோர்மன் டொட்டோ எடின்பரோவில் அம்முறையைத் தொடர்ந்தார். 1950களில் பிரான்சிலிருந்து வந்து அதை அருகிலிருந்து கண்ட ஜெரார்ட் கியோ பாரிஸில் அதற்கு மறுவாழ்வு தந்தார். கியோவிடம் கற்ற ஜூல்ஸ் ஹார்டி, மொன்றியலில் 1960களில் சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்தி, சுரப்பியைக் காப்பாற்றியபடியே கட்டியை மட்டும் எடுக்கலாம் என்று காட்டினார். 1990களில் பிட்ஸ்பர்க்கில் அகநோக்கி அந்த இடத்தைப் பிடித்தது. நூல்களில் எழுதப்பட்டிருந்தும் அழிவின் விளிம்புக்குச் சென்ற ஒரு நுட்பம், கையிலிருந்து கைக்கு, மூன்று நாடுகளைக் கடந்து உயிர்த்திருக்கிறது. சத்திரசிகிச்சை அறிவின் பெரும்பகுதி எழுத்தில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழ் நிலமும் இச்சங்கிலியில் இணைந்தது. மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். இலங்கையில் 1950களில் கொழும்பில் ஷெல்டன் கப்ராலின் பணியோடு இத்துறை வேரூன்றியது. சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற லலிகம் சேகர், மண்டையோட்டு அடித்தளச் சத்திரசிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். அவர் இணைப்பதிப்பாசிரியராக 1993இல் வெளியிட்ட அடித்தளக் கட்டிகள் பற்றிய நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

கை கற்கும் பாடம்

கண் கற்ற பிறகு கை கற்க வேண்டும். அடித்தளத்தில் கத்தியைவிட அதிகம் வேலை செய்வது சுழல்துளையி. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் அதன் நுனி, அழுத்தினால் வழுக்கி ஓடும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, எலும்புக்கு அப்பாலுள்ள நரம்பை வெப்பத்தாலேயே கொன்றுவிடும். ஆகவே இடைவிடாது உப்புநீர் பாய்ச்சியபடி, நரம்பு ஓடும் திசைக்கு இணையாக, தூரிகையால் வருடுவதைப் போன்ற மென்மையுடன் எலும்பைத் தேய்த்தெடுக்கப் பழக வேண்டும். எலும்பு மெலிந்துவரும்போது அதனூடாக நரம்பின் வெண்மையோ நாடியின் செந்நிறமோ தெரியத் தொடங்கும். அந்த நிறமாற்றத்தைக் கண்டதும் கை தானாக நிற்க வேண்டும். இப்பழக்கத்துக்காகப் பல பயிற்சிக்கூடங்களில் மாணவருக்கு முதலில் கொடுக்கப்படுவது ஒரு கோழிமுட்டை. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியாமல் மேலோட்டை மட்டும் துளையியால் தேய்த்து நீக்க வேண்டும். எளிது என்று தொடங்குவோரின் முதல் முட்டைகள் வழிந்தே போகின்றன.

அடுத்து வருவது காதைச் சுற்றியுள்ள கடைநுதல் எலும்பு. கேட்டலுக்கும் சமநிலைக்கும் உரிய உறுப்புகள், முகத்தை அசைக்கும் நரம்பு, சிரசுநாடி, பெரும் கழுத்து நாளம் ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை எலும்புக்குள் நெருங்கிக் கிடப்பதால், அதைத் துளையிடப் பழகியவருக்கு அடித்தளத்தின் ஏனைய பகுதிகள் அவ்வளவாக அச்சமூட்டுவதில்லை. முப்பரிமாண அச்சில் வார்த்த செயற்கை எலும்புகளும் இன்று பயிற்சிக்குக் கிடைக்கின்றன. அவை தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் உண்மை எலும்பின் கடினமும், அதன் மேல் ஒட்டியிருக்கும் உறையின் இழுவையும், மனிதருக்கு மனிதர் மாறும் வேறுபாடும் அவற்றில் முழுமையாக வருவதில்லை.

மூக்கு வழியில் இன்னொரு தேவை, இருவர் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம். காது மூக்குத் தொண்டைச் சத்திரசிகிச்சையாளர் ஒரு துவாரத்தின் வழியே அகநோக்கியைப் பிடித்து அசைத்துக்கொண்டிருக்க, நரம்பியல் சத்திரசிகிச்சையாளர் இரு கைகளாலும் கருவிகளை இயக்குகிறார். பேசாமலே ஒருவர் கையை மற்றவர் முன்னறியும் அளவுக்கு அவர்கள் ஒன்றாக உழைத்திருக்க வேண்டும். தனி மேதையைவிட நிலைத்த குழு ஒன்றே இத்துறையில் நோயாளிக்குப் பாதுகாப்பு.

எல்லாவற்றிலும் கொடியது சிரசுநாடி கிழிவது. அது அரிதினும் அரிது. ஆனால் நேர்ந்தால் நொடிகளில் அகநோக்கியின் வில்லை குருதியால் மறைந்து திரை முழுவதும் சிவந்துவிடும். அரிதாக நிகழ்வதாலேயே அதை உயிருள்ள நோயாளியில் கற்க முடியாது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பீற்றர் ஜோன் வோர்மால்டும் சகாக்களும் மயக்கத்திலுள்ள செம்மறியாட்டின் நாடியைக் கொண்டு இந்த ஆபத்தை மீளுருவாக்கும் பயிற்சியை வகுத்தனர். இரண்டு உறிஞ்சு குழாய்களால் குருதியை அகற்றி வழியைத் தெளிவாக்கி, நசுக்கிய தசைத் துண்டைக் கிழிவின் மேல் வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பது குருதியை நிறுத்தும் என்பது அங்கு உறுதியானது. பதற்றத்தின் நடுவில் செய்ய வேண்டிய அச்சில அசைவுகளை முன்பே பலமுறை செய்து பழகிய குழுவுக்கே அத்தருணத்தில் நோயாளியைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

திறந்ததை மூடுதல்

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் தெளிந்த பாய்பொருள் இருக்கிறது; நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் அளவு புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. மூக்கிலிருந்து செய்த துளை சரியாக மூடப்படாவிட்டால் அப்பாய்பொருள் மூக்கில் ஒழுகும். அதே வழியில் மூக்கிலுள்ள கிருமிகள் மேலேறி மூளையுறை அழற்சியை உண்டாக்கும். மூக்கு வழியில் பெரிய கட்டிகளை எடுப்பதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது இந்த ஒழுக்குத்தான்.

2006இல் அர்ஜென்டீனாவைச் சேர்ந்த ஹதாத், பசகஸ்தெகி ஆகிய இருவரின் பெயரால் அறியப்படும் முறை வெளியானது. மூக்கின் நடுத்தடுப்பை மூடியிருக்கும் சவ்வை, அதற்குக் குருதி தரும் நாடியோடு சேர்த்தே உரித்து, பின்னுக்குத் திருப்பி, அடித்தளத்தின் துளையில் படுக்க வைப்பதே அம்முறை. தொடையிலிருந்து எடுத்த கொழுப்பையும் தசையுறையையும் மட்டும் வைத்து அடைத்த காலத்தோடு ஒப்பிட்டால், சொந்தக் குருதியோட்டம் உள்ள இச்சவ்வு சில நாட்களிலேயே ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் ஒழுக்கு வெகுவாகக் குறைந்தது. மூளை கீழே இறங்கிவிடாதா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது: சேணத்தின் சிறிய திறப்பினூடாக மூளை இறங்குவதில்லை, தடுத்து நிறுத்த வேண்டியது பாய்பொருளையே.

உடல்களின் கொடை

இலங்கையில் நரம்பியல் சத்திரசிகிச்சையாளராக விரும்புபவர் மருத்துவப் பட்டத்துக்குப் பின்னர் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் பல ஆண்டுகள் பயின்று, வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றே நிபுணராகிறார். அவ்வளவு நீண்ட பாதையின் முதற்படியும் கடைசிப்படியும் ஒன்றுதான்: தானமாகக் கிடைத்த ஓர் உடலின் முன் நின்று, அவசரமின்றி, எவருக்கும் தீங்கு நேராமல், அடுக்கடுக்காகக் கற்பது. பாதுகாக்கும் முறைகளும் மேம்பட்டுள்ளன. வெறும் போமலினில் உடல் விறைத்துவிடும். ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட முறையிலோ தசைகள் உயிருள்ளவற்றின் நெகிழ்வோடு இருப்பதால், அவ்வுடல்களில் முழுச் சத்திரசிகிச்சையையும் ஒத்திகை பார்க்க முடிகிறது. ரோட்டன் அரை நூற்றாண்டு காலம் வரைந்த அடித்தள வரைபடம் முழுவதும், பெயர் அறியப்படாத மனிதர்கள் தம் உடலைக் கொடுத்ததால் மட்டுமே உருவானது.

1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியே உலகின் பல நாடுகளுக்குக் கண்களை வழங்கிய நாடு இலங்கை. கொடை இந்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. 1978இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறை இன்றும் உடற்கொடையை நம்பியே மாணவருக்குக் கற்பிக்கிறது. தீவகத்திலோ வேறெங்கோ இந்நூலைப் படிக்கும் வாசகர் இதைப் பற்றித் தம் குடும்பத்தாரோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். விருப்பத்தை உயிரோடிருக்கும்போதே எழுத்தில் பதிந்து, அதன் பிரதியை நெருங்கிய உறவினரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இறந்தவரின் விருப்பம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், உடலை மருத்துவ பீடத்திடம் ஒப்படைக்கப் போகிறவர்கள் அவ்வுறவினர்களே.